தண்டவாளம் போன தடம்



சுங்கை பாக்காப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. சிம்பாங் அம்பாட்டிலிருந்து நிபோங் திபாலுக்குப் போகும் கம்பிச்சடக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. உயிர் போன கம்பிச்சடக்கைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த வாரம் அதைத் தேடிப் போவோம்.

திரெங்கானு மாநிலம் டுங்குன் வட்டாரத்தில் புக்கிட் பெசி என்றோர் ஊர் உண்டு. பெயருக்குப் பொருளே இரும்பு மலைதான். 1930 வாக்கில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே இரும்புக்கல் வெட்டத் தொடங்கியது. வெட்டிய கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுபோக டுங்குன் வரை தனி ரயில் பாதை போட்டார்கள். அங்கிருந்து கப்பலில் ஜப்பானுக்குப் போயிற்று. போருக்குப் பிறகு வேறொரு நிறுவனம் நடத்தியது. 1970-ஐ ஒட்டிச் சுரங்கம் மூடப்பட்டது, ரயிலும் நின்றது. வேலை போனால் ஊர் என்ன ஆகும் என்று தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? குடும்பங்கள் மூட்டை கட்டின.

தண்டவாளத்தைப் பெயர்த்தாலும் தடம் லேசில் அழியாது. பாரம் ஏற்றிய ரயிலுக்குச் செங்குத்தான மேடு ஆகாது. அதனால் மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தை மண் போட்டு உயர்த்துவார்கள், வளைவை நீளமாக விடுவார்கள். காட்டுக்குள் காரணமில்லாமல் ஒரு மண்மேடு ஒரே மட்டமாகப் போனாலும், ஆற்றில் பாலமில்லாமல் தூண் மட்டும் நின்றாலும் சந்தேகப்படுங்கள். அந்த இரும்பு ரயில் குன்றைக் குடைந்து போன வழி இன்னும் இருக்கிறது.

எல்லாப் பாதையும் இப்படி வேலையற்றுச் சாகவில்லை. தம்பினிலிருந்து மலாக்கா சென்ற கிளைப்பாதையை ஜப்பானியர் காலத்தில் பெயர்த்தார்கள். கிழக்குக் கரைப் பாதையிலும் பெரும்பகுதி போயிற்று. சயாம் மரண ரயிலுக்குத் தண்டவாளங்கள் போயின. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரும் போனார்கள். கிழக்குக் கரைப் பாதையைப் பின்னாளில் திரும்பப் போட்டார்கள். மலாக்காப் பாதை திரும்பவேயில்லை. போன ஆட்களில் எத்தனையோ பேரும் அப்படித்தான்.

பக்கத்திலேயே ஒன்றைப் பார்க்க ஆசையா? பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலா செப்பெத்தாங்கிற்குக் கூட்டிப் போங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1885 ஜூன் முதல் தேதி திறந்த பாதை அது. மலாயாவின் முதல் ரயில் என்று பேர் வாங்கியது. இப்போது தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.