மெகாவோற் கணக்கில் வராத காணி

நான் இதை எழுதும் ஹேவாஹெட்டத் தோட்டச் சரிவுகளில் பெய்யும் மழை மகாவலியில் சேர்கிறது. அந்த ஆற்றின் விக்டோரியா நீர்மின் நிலையம் 1985 முதல் இயங்குகிறது. கொள்திறன் 210 மெகாவோற். மேலே லயன் அறைகளில் வாழும் பெரும்பாலானோரிடம் காணி உறுதி இல்லை. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் சரிந்ததும் இப்படியான மலைகள்தான்.

2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க சக்தி, 2050இல் காபன் நடுநிலை. அரசின் இந்த இலக்குகளை நான் எதிர்க்கவில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவோற்றுக்கு நிலக்கரியை எத்தனை காலம்தான் எரிப்பது? ஆனால் இலக்கில் மெகாவோற் இருக்கிறது, காணி இல்லை.

சம்பூரைப் பாருங்கள். 2006இல் போர் மக்களைத் துரத்தியது. பின்னர் அவர்கள் மண்ணில் அனல்மின் நிலையத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். எதிர்ப்புகளுக்குப் பின் 2016இல் நிலக்கரி கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கேயே 120 மெகாவோற் சூரியமின் திட்டத்துக்கு மோடியும் அநுரவும் தொடக்கவிழா நடத்தினார்கள். எரிபொருள் மாறியது, காணி திரும்பவில்லை. அதே ஆண்டு மன்னார் மக்கள் காற்றாலைக்கு எதிராக வீதிக்கு வந்தபோது அதைச் சிலர் அபிவிருத்தி விரோதம் என்றார்கள். சம்பூரை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சக்திக் கொள்கையில் காணி உரிமையாளரின் சம்மதத்தையும் நிபந்தனையாக எழுதவேண்டும். காலநிலைக் கொள்கைக்கு மலையகத்தில் கேள்வி இன்னும் நேரானது: சரியாத நிலத்தில் எந்தத் தோட்டம், எத்தனை பேர்ச் காணியை, யார் பெயரில் எழுதிக்கொடுக்கும்?