உரியறது தோலே இல்லீங்கண்ணா!

"லெதர் சோஃபா வாங்கி மூணு வருஷம்கூட ஆகலை, தோல் உரியுதுப்பா. என்ன தடவலாம்?"

இந்தக் கேள்வி எங்கே விழுந்தாலும் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிடறாங்க. தேங்காய் எண்ணெய்ங்கறார் ஒருத்தர், விளக்கெண்ணெய்ங்கறார் இன்னொருத்தர். ஷூ பாலிஷ், ஆலிவ் ஆயில், வாழைப்பழத் தோல்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. சாமிகளா, ஒண்ணும் தடவாதீங்க. உரியறது தோல் இல்லை.

மாட்டுத் தோலோ எருமைத் தோலோ வயசானா வறளும், வெடிக்கும், சாயம் போகும், கிழியவும் கிழியும். ஆனா அப்பளம் மாதிரி சில்லு சில்லா உதிர்ந்து, அடியில பின்னல் துணி பல்லை இளிக்காது. நிஜத் தோலுக்கு அடியில ஏதுங்க துணி? மேலேர்ந்து கீழ வரைக்கும் நார்தான். (மட்டமான அடித்தோல் மேல பிளாஸ்டிக் படலம் ஒட்டி விக்கறதும் உண்டு. அதுவும் உரியும். ஆனா அடியில சொரசொரன்னு நார் தெரியும், துணி தெரியாது.)

உங்க வீட்ல உதிர்றது பாலியூரித்தேன் பூச்சு. 'பாண்டட் லெதர்'னு ஒரு அழகான பேர் வச்சிருக்காங்களே, அது என்ன தெரியுமா? தோல் பதனிடற இடத்துல சீவிப் போட்ட கழிவைத் தூளாக்கி, பசையில குழைச்சு, துணியில பரப்பி, மேலே பாலியூரித்தேன் பூசி, தோல் ரேகை மாதிரி அச்சு குத்தினது. தேக்குத் தூளைக் கோந்துல பிசைஞ்சு பலகையாக்கி 'தேக்குக் கட்டில்'னு வித்தா சும்மா இருப்போமா? அமெரிக்காவுல 1996-லயே, இந்த மாதிரி சரக்குல தோல் நார் எத்தனை சதவீதம்னு சொல்லித்தான் விக்கணும்னு வணிக ஆணையம் வழிகாட்டுதல் போட்டாச்சு. நம்ம ஊர்ல சேல்ஸ்மேன் "ப்யூர் லெதர் சார், இத்தாலியன் ஃபினிஷ்" அப்படின்னு ஒரு தட்டு தட்டிக் காட்டறதோட சரி.

பாலியூரித்தேனுக்குப் பெரிய எதிரி காத்துல இருக்கற ஈரம். ஈரம் பட்டுப் பட்டு அதோட மூலக்கூறு சங்கிலி அறுந்துக்கிட்டே வரும். சென்னைக் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? இதுல வியர்வை வேற. கடைக்காரரோ கொஞ்சமும் கூசாம "மெயின்டெனன்ஸ் சரியில்லை மேடம்"னுடறார். எங்க சொந்தக்கார அக்கா ஒருத்தங்க மாசத் தவணை கட்டி வாங்கின சோஃபா இப்படித்தான் ஆச்சு. பில்லை எடுத்துப் பார்த்தா '3+1+1 சோஃபா செட், பிரவுன்'. லெதர்ங்கற வார்த்தையே இல்லை! வாயால சொன்னது காத்தோட போச்சு. அக்கா என்னடான்னா, தான் சரியாத் துடைக்கலையோன்னு தன்னையே நொந்துக்கறாங்க. எனக்கு எரிச்சலே இங்கதான். ஏமாத்தினவன் நிம்மதியாத் தூங்கறான், ஏமாந்தவங்களுக்குக் குற்ற உணர்ச்சி.

இத்தனைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்பற ஊருங்க நம்மளோடது. பாலாறு அதுக்கு என்ன விலை கொடுத்துச்சுன்னு 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிச்சவங்களுக்குத் தெரியும். அடையாறுல 1948-லேர்ந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இவ்வளவும் இருந்து, எது தோல்னு நமக்கே தெரியலைன்னா எப்படி?

சரி, நிஜத் தோலே வச்சிருக்கீங்கன்னா? அதுக்கும் எண்ணெய் வேண்டாம். சோஃபாத் தோல்ல பெரும்பாலானது மேலே நிறமும் பாதுகாப்புப் பூச்சும் போட்டதுதான். எண்ணெய் உள்ளே போகாது. மேலேயே நின்னு தூசியைப் பிடிச்சு, பிசுபிசுத்து, பூச்சை இளக்கிடும். தலை சாய்க்கற இடம் முதல்ல கெட்டுப் போறது நம்ம தலை எண்ணெயாலதான். கௌரவம் பார்க்காம அங்க ஒரு துண்டைப் போடுங்க. காய்ஞ்ச பருத்தித் துணியால தூசி தட்டி, எப்பவாவது மென்மையான சோப்புத் தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியால துடைச்சா போதும். ஜன்னல் வெயில் நேரா விழாம தள்ளி வைங்க. ஸ்பிரிட் கலந்த எதையும் கிட்டயே கொண்டு போகாதீங்க.

நிஜத் தோல் கிழிஞ்சாலும் பொழைக்கும். கிழிசலுக்கு அடியில ஒரு துணித் துண்டைச் செருகி, வளையற பசையால ஒட்டி, மேலே ஃபில்லர் நிரப்பித் தேய்ச்சு, நிறம் கொடுத்துப் பூச்சு அடிப்பாங்க. தையல் விட்டா பழைய ஓட்டை வழியாவே திரும்பத் தைக்கணும். புது ஓட்டை போட்டா தபால் தலை ஓரம் மாதிரி அங்கேயே கிழியும். பாண்டட் சரக்குக்கு இந்த வைத்தியம் எதுவும் ஆகாது. ஒரு இடத்துல ஒட்டினா பக்கத்துல உரியும். மேலுறையை மாத்தறதுதான் ஒரே வழி. தெருமுனை குஷன் கடைக்காரர் இதை முதல் நாளே சொல்வார். அவரை "காசு புடுங்கறான்"னு திட்டிட்டு, ஆன்லைன்ல ஒட்டற டியூப் வாங்கற கோஷ்டிக்கு என்னத்தைச் சொல்ல.

அடுத்த தடவை கடைக்குப் போனா தட்டிப் பார்க்காதீங்க, மோந்தும் பார்க்காதீங்க. வாசனையை ஸ்ப்ரே அடிச்சே கொண்டு வரலாம். சீட்டு ஜிப்பைத் திறந்து வெட்டின ஓரத்தைப் பாருங்க, நாரா துணியான்னு. முதுகுப் பக்கம், பக்கவாட்டையும் பாருங்க. உக்கார்ற இடத்துல மட்டும் தோல் வச்சிட்டு மிச்சத்துக்கு ரெக்ஸின் போட்டு, 'லெதர் மேட்ச்'னு ஒரு பேர் வச்சிருக்காங்க. அப்புறம் பில்லுல எந்தப் பாகம் என்ன பொருள்னு எழுதச் சொல்லுங்க. பொருள் எதால ஆனதுன்னு பொய் சொல்லி விக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. எழுத்துல இருந்தாத்தான் கேள்வி கேட்க முடியும்.

"அதெல்லாம் எழுதறது இல்லை சார்"னு இழுத்தா, ரெக்ஸின் விலை என்னன்னு கேட்டு அதுல பேரத்தை ஆரம்பிங்க.