வயது என்பது ஒரு நோயின் பெயரா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"வயசாயிருச்சு, இனிமே அப்படித்தான்!"

இந்த மூன்று சொற்களைக் கேட்காத வீடு நம் நாட்டில் உண்டா? தாத்தா தடுமாறி விழுந்தால் வயது. பாட்டி சோறு வேண்டாமென்றால் வயது. சொன்னதையே திரும்பச் சொன்னால் வயது. காது மந்தமா, கால் வீக்கமா, தூக்கக் கேடா, எல்லாவற்றுக்கும் ஒரே விடை, வயது! இளைஞன் மயங்கி விழுந்தால் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். முதியவர் விழுந்தால் அவர் பிறந்த ஆண்டைக் கணக்குப் பார்க்கிறோம். இது முறைதானா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

வரலாறு படிக்கும் மாணவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் மருத்துவனும் அல்லன். செவிலியர் பயிற்சி பெற்றவனும் அல்லன். ஆயினும் என் வீட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் என்னை எழுதத் தூண்டுகின்றன. அவற்றைச் சொன்னால், நம்மில் பலர் வீட்டுக் கதையும் அதுவே என்பது விளங்கும்.

சென்ற ஆண்டு சித்திரை மாதம். கல்லூரி விடுமுறை. ஒருநாள் மாலை என் அப்பத்தா என்னைப் பார்த்து, என் தாத்தாவின் பெயரைச் சொல்லி, "மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டீங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் மாடு விற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் சிரித்துவிட்டேன். மறுநாள் காலை தெளிவாக இருந்தார். மாலையில் மீண்டும் குழப்பம். இரவில் சுவரைக் காட்டி யாரோ நிற்கிறார்கள் என்றார். "புத்தி பேதலிச்சுப் போச்சு, எண்பது வயசாச்சுல்ல" என்றார் என் தந்தையார். நாங்கள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டோம். மூன்று நாட்கள் அப்படியே கழிந்தன.

நான்காம் நாள், பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கக் கிராம சுகாதாரச் செவிலியர் வந்திருந்தார். போகிற போக்கில் திண்ணையில் கிடந்த அப்பத்தாவைப் பார்த்து நின்றார். "எப்பயிருந்து இப்படி?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. "வயசாயிருச்சு நர்சம்மா" என்றார் என் தாயார். "வயசு மூணு நாள்ல வராதும்மா" என்றார் அவர்.

அந்த ஒரு விடைக்காகவே இக்கட்டுரையை எழுதலாம்!

அவர் அப்பத்தாவின் அருகில் அமர்ந்து கையைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், நாடியை எண்ணினார். "ஆத்தா, ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணி குடிக்கிறீங்க? ஒண்ணுக்குப் போறப்ப எப்படி இருக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. எங்கள் கழிப்பறை கொல்லையில், வீட்டிலிருந்து இருபது தப்படி தள்ளி இருக்கிறது. வழியில் விளக்கில்லை. இருட்டில் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி, அப்பத்தா பிற்பகலுக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். அதுவும் சித்திரை வெயிலில்! அன்றே தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். உடலில் நீர் வற்றிச் சிறுநீரில் கிருமித் தொற்றும் ஏற்பட்டிருந்தது. ஆறாம் நாள் அப்பத்தா என்னை என் பெயர் சொல்லி அழைத்து, "பரீட்சை எழுதினியா?" என்று கேட்டார். பேதலித்ததாக நாங்கள் முடிவு கட்டிய புத்தி அது!

இரண்டாவது நிகழ்ச்சியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. அன்று அந்தச் செவிலியர், "வீட்டில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொண்டாங்க" என்றார். பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்து கொட்டினோம். அதில் என் தாத்தாவின் பழைய மாத்திரைகளும் கிடந்தன. அவரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள் விடியற்காலையில், படுக்கையிலிருந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தும் எழவில்லை. முதுகின் அடியில் சிவந்த தடம் ஒன்று தெரிந்தது, பவுடர் போட்டோம். அது புண்ணாகிக் குழியாயிற்று. மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார். "வயசு" என்று ஊர் சொன்னது, நாங்களும் சொன்னோம்.

செவிலியர் அந்தப் பழைய அட்டைகளில் இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். இரண்டு மருத்துவர்களிடம் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை; பெயர் வேறு, நிறம் வேறு. கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் மட்டும் ஒன்றே. ஒரே இரத்த அழுத்த மருந்தை ஐயா இரட்டிப்பாக விழுங்கி வந்திருக்கிறார்! அன்று அவர் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த டப்பாவை ஒருநாளாவது ஒருவராவது கொட்டிப் பார்த்திருக்கலாம் அல்லவா? வீட்டில் கல்லூரியில் படிப்பவன் நான் ஒருவன்தான்.

எங்கள் வீட்டில் அன்பு குறைவாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அன்பு இருந்தது, கவனிப்பு இல்லை. அன்பு வேறு, கவனிப்பு வேறு என்பதும், கவனிப்பு என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கல்வி என்பதும்தான் என் துணிபு.

இக்கல்விக்கு ஒரு வரலாறும் உண்டு. 1935-ஆம் ஆண்டு இலண்டனுக்கு அருகிலுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு, பக்கத்தில் இருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதி இணைக்கப்பட்டது. 700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். பலர் ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கை. "தீராதவர்கள்" என்று ஒதுக்கப்பட்ட அவர்களின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவரிடம் வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். எழக்கூடியவர்களை எழுப்பி நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். அவர்களைப் படுக்கையில் வைத்திருந்தது முதுமை மட்டுமன்று, படுக்கையே என்பது அப்போது வெளிப்பட்டது. அதே நாட்டில் 1962-இல் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியரும் அவருடைய தோழர்களும், படுக்கைப் புண் யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட ஓர் அளவுகோலை வகுத்தனர். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்னும் ஐந்தே செய்திகளைப் பார்த்து மதிப்பெண் இடும் முறை அது. நம் சென்னையிலும் 1978-ஆம் ஆண்டே அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராஜன் அவர்களின் முயற்சியால் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. ஆக, மருத்துவ உலகம் எப்போதோ கண்டறிந்ததை நம் வீடுகள் இன்னும் கண்டறியவில்லை!

நாம் பார்க்க வேண்டியவை யாவை? படித்தும், அந்தச் செவிலியரிடம் கேட்டும் நான் அறிந்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, மாற்றம் திடீரென வந்ததா, மெல்ல வந்ததா என்று பாருங்கள். மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளரும். ஓரிரு நாளில் வந்து, காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக ஏறி இறங்கும் தடுமாற்றம் வேறு. தொற்று, நீர்ப்பற்றாக்குறை, மருந்துக் கோளாறு, மலச்சிக்கல், சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடத்தல் என்று அதற்குப் பெரும்பாலும் ஓர் உடற்காரணம் இருக்கும். முதியவர்க்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். மாரடைப்பிலும் நெஞ்சு வலிக்காமல் இருக்கலாம். எனவே திடீர்க் குழப்பம் உடனே மருத்துவரிடம் போக வேண்டிய ஒன்று.

இரண்டாவது, எழுந்து நிற்பதைப் பாருங்கள். படுத்திருந்து எழுந்த மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், தலை சுற்றி விழ நேரும். அழுத்தத்தைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எழுமுன் கட்டில் ஓரத்தில் சற்று அமர்ந்து எழும்படி பழக்கலாம்.

மூன்றாவது, நடையைப் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டென்று கொள்ளலாம். கைக்கடிகாரம் போதும், ஆனால் அருகிலேயே நில்லுங்கள்!

நான்காவது, தோலைப் பாருங்கள். படுத்தே இருப்பவரின் முதுகடி, இடுப்பு, குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, புண்ணின் முதல் எச்சரிக்கை. அதைத் தேய்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது பொதுவான முறை. இதை அறிந்திருந்தால் ஐயாவின் முதுகில் நான் பவுடர் போட்டிருக்க மாட்டேன். சர்க்கரை நோயாளியின் பாதத்தையும் இப்படியே நாள்தோறும் பாருங்கள்.

ஐந்தாவது, வயிற்றையும் புலன்களையும் பாருங்கள். வயது ஏற ஏறத் தாகம் தெரிவது குறையும். கேட்டால்தான் குடிப்போம் என்றிராமல் நாமே கொடுக்க வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உடையவர்க்கு எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டை தொளதொளத்தால் எடை குறைகிறது என்று பொருள். பதில் சொல்லாதவர்க்குப் புத்தி மந்தம் என்பதற்கு முன், காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணில் புரை விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாமே! "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், அதையும் வயதின் புலம்பல் என்று தள்ளாதீர்கள். மனச்சோர்வும் மருந்துள்ள நோயே.

ஆறாவது, மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். ஆனால் ஒன்றையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள். அப்படியே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

"இவையெல்லாம் அரசின் வேலை" என்பார் சிலர். அரசு செய்யாமலில்லை. 2007-இல் வந்த சட்டம், கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுப் பெற வழி செய்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், அழுத்த நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. ஆனால் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஒரு செவிலியர் எத்தனை திண்ணைகளில் நிற்க முடியும்? சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும்; கண்ணைப் பெற்றுத் தருமா?

"வேலைக்குப் போகிற பெண்கள் தலையில் மேலும் ஒரு சுமையா?" என்பார் வேறு சிலர். இதில் உண்மை உண்டு. எங்கள் வீட்டில் ஐயாவைப் புரட்டியதும், துடைத்ததும், துணி அலசியதும் என் தாயார் ஒருவரே. ஆண்கள் நாங்கள் மருந்து வாங்கி வந்ததோடு கடமை முடிந்ததென்று இருந்தோம். ஆகவேதான் இது மாணவிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. மாணவர்களுக்கே முதலில் சொல்லப்பட்டது.

முடிவாக நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கிய நாளிலிருந்து மாணவர்கள் கிராமங்களுக்குப் போகிறார்கள். ஏழு நாள் முகாமில் தெருவைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லவையே. அவற்றில் ஒரே ஒரு நாளை முதியோருக்கு ஒதுக்கினால் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரை அழைத்து, இரண்டு மணி நேரம் பயிற்சி பெறுவோம். பிறகு இருவர் இருவராக வீடு வீடாகச் சென்று, நடை, கண், காது, கால், மாத்திரைப் பை, கழிப்பறைக்குப் போகும் வழி ஆகிய ஆறையும் குறித்து வந்து செவிலியரிடம் கொடுப்போம். நாம் மருத்துவம் பார்க்க வேண்டுவதில்லை. பார்த்ததைச் சொன்னால் போதும். பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து அப்பத்தா திரும்பிய அன்று, கொல்லை வழியில் ஒரு பல்பு மாட்டினோம். மூங்கிலில் ஒரு கைப்பிடி கட்டினோம். ஆன செலவு நானூறு ரூபாய்க்குள். இப்போது அவர் மாலையிலும் தண்ணீர் குடிக்கிறார். இருட்டியதும் அந்த விளக்கைப் போடுவது என் வேலை. ஒவ்வொரு முறை போடும்போதும், இதை மூன்றாண்டுகளுக்கு முன்பே போட்டிருக்கலாமே என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை.

தோழர்களே! இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். "எப்பயிருந்து இப்படி?" என்று கேளுங்கள்.