நித்திரைக் குளிசையும் நடுச்சாமத்துப் புட்டும்

இதை எழுதத் தொடங்கேக்க நேரம் விடியப்புறம் 2.40. எங்கட குழுவின் வட்ஸ்அப்பில் நாலு பேர் ஒன்லைனில் நிற்கிறார்கள். ஒருவரும் வேலை செய்யவில்லை, ஒருவரும் நித்திரையும் கொள்ளவில்லை. காலமை எல்லோரும் வேலைக்கும் கம்பஸுக்கும் போய்க் கொட்டாவி விடுவோம். யாராவது ஒரு அன்ரி எங்கட கண்ணைப் பார்த்திட்டுச் சொல்லுவா: "நித்திரை வரேல்லையோ பிள்ளை? ஒரு குளிசையைப் போட்டிட்டுப் படன்."

இந்த "போட்டிட்டுப் படன்" என்ற வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

எங்கட ஊர்களில் நித்திரைக் குளிசை என்பது ஒரு மருந்தே இல்லை, கறிவேப்பிலை மாதிரி. பக்கத்து வீட்டில் இரண்டு கேட்டு வாங்கலாம். பெரியம்மாவுக்கு எழுதிக் குடுத்ததில் மிச்சம் ஒரு கார்ட் அலுமாரிக்குள் கிடக்கும். அதுவும் இல்லாட்டி தடிமனுக்குக் குடுக்கிற சின்ன மஞ்சள் குளிசை. தடிமன் இல்லாமலே அதைப் போட்டுப் படுத்த எங்கட நண்பர் ஒருவர், அடுத்த நாள் காலமைச் சோதனை மண்டபத்தில்தான் உண்மையான நித்திரையைக் கண்டார். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கேள்வித்தாளில் பெயர் மட்டும் எழுதியிருந்தார், அதிலும் முதலெழுத்து பிழை.

இன்னொருவரின் கதை இதைவிடத் திறம். டொக்டர் எழுதிக் குடுத்த சொல்பிடெம் குளிசையைப் போட்டவர், உடனே படுக்காமல் போன் நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். விடியப் பார்த்தால் குசினியில் இராத்திரிப் புட்டுப் பானை வெறுமை. சம்பல் கோப்பை தலையணைக்குப் பக்கத்தில். மனேஜருக்கு நடுச்சாமம் 1.15க்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது: "அண்ணை, தேங்காய்ப்பூ காணாது." எதுவும் அவருக்கு நினைவில்லை. மனேஜருக்கு மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சிரிச்சாச்சா? இப்ப சிரிக்காத பகுதி. இது எங்கட நண்பரின் தனிப்பட்ட விசேசம் இல்லை. நித்திரையிலேயே எழும்பி நடப்பது, சமைப்பது, சாப்பிடுவது, வாகனம் ஓட்டுவது எல்லாம் இந்த வகைக் குளிசைகளின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். மூளையில் நினைவைப் பதிகிற வேலை நின்றுவிடும், கையும் காலும் தங்கட பாட்டில் வேலை செய்யும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் சொல்பிடெம் உட்பட மூன்று மருந்துகளுக்கு, பெட்டி கட்டிப் போடுகிற அதியுச்ச எச்சரிக்கையை விதித்தது. காரணம், இப்படி நடந்த சிலர் செத்தும் போயிருந்தார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல் 2013இல் நடந்தது. பெண்களின் உடம்பில் சொல்பிடெம் மெதுவாகத்தான் கழிகிறது, காலமை வாகனம் ஓட்டுகிற நேரத்திலும் இரத்தத்தில் மிஞ்சி நிற்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமில் இருந்து 5க்குக் குறைத்தார்கள். மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1992இல். ஏறக்குறைய 20 வருசம் பெண்கள் இரண்டு மடங்கு விழுங்கியிருக்கிறார்கள். காலமை தலை சுத்துது என்று சொன்ன எத்தனை பெண்களுக்கு "எல்லாம் உங்கட யோசனைதான்" என்று பதில் கிடைத்திருக்கும்?

"பாதுகாப்பான நித்திரைக் குளிசை" என்ற விளம்பரத்துக்குச் சரித்திரத்தில் நல்ல பெயர் இல்லை. தலிடோமைட் 1957இல் மேற்கு ஜேர்மனியில் அப்படித்தான் கடைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் போடலாம் என்றார்கள். 1961இல் திருப்பி எடுக்கிறபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கை கால் வளராமல் பிறந்திருந்தார்கள்.

உண்மையில் பக்கவிளைவோடு வந்த நித்திரையின் முதல் ஆள் எங்கட இலங்கைக்காரன்தான். கும்பகர்ணன் பிரமனிடம் வரம் கேட்கப் போனான், நாக்குப் பிரண்டு நித்திரையைக் கேட்டுவிட்டான். ஆறு மாதம் நித்திரை, எழும்பினால் மலையளவு சாப்பாடு. புட்டுப் பானைக் கதையின் மூலப்பிரதி இது. ஆனால் கும்பகர்ணனை ஒருவரும் "ஏன் ராசா இப்படி?" என்று கேட்கவில்லை. யுத்தத்துக்குத் தேவைப்பட்டபோதுதான் மேளம் அடித்து எழுப்பினார்கள்.

எங்களையும் ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. காலமை ஐந்தரைக்கு ரியூசன் வைப்பவர்களே "இந்தக் காலத்துப் பெடியள் இரவில படுக்கிறேல்ல" என்று கவலைப்படுகிறார்கள். கனடாவில் மாமாவுக்குப் பின்னேரம் ஐந்து மணி என்றால் எங்களுக்கு விடியப்புறம் இரண்டரை. குடும்பத்தின் காசு, கல்யாணம், காணிச் சண்டை எல்லாம் அந்த நேரத்தில்தான் கதைக்கப்படும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், ஃபான் இல்லாமல், நுளம்போடு கிடந்தோம். கரண்ட் திரும்பி வந்தது. எங்களில் பலருக்கு வேலை வரவில்லை, நித்திரையும் வரவில்லை.

எங்களுக்கு முந்தின தலைமுறையைக் கேட்டால் கதை இன்னும் நீளம். ஹெலிச் சத்தத்துக்குக் காது குடுத்தபடி பங்கருக்குள் படுத்தவர்கள் அவர்கள். 1995 ஐப்பசியில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள். 2009க்குப் பிறகும் பட்டாசு வெடித்தால் எழும்பிக் குந்துகிற அம்மாக்கள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள். கன பேருக்கு வருசக்கணக்காகக் கிடைத்தது குளிசை மட்டும்தான். வயது போனவர்கள் அதைப் போட்டுவிட்டு இரவில் தலை சுத்தி விழுந்து இடுப்பெலும்பை முறிக்கிறார்கள். குளிசையை நிப்பாட்டினால் முந்தினதைவிட மோசமாக நித்திரை போகும். அதால் அது தொடரும். என்ன நடந்தது என்று கேட்க ஒரு கதிரையும் ஒரு மணித்தியாலமும் வேணும். குளிசை எழுத ஐந்து நிமிசம் போதும்.

எங்களைப் பிழையாக விளங்க வேண்டாம். நாங்கள் குளிசைக்கு எதிரான ஆட்கள் இல்லை. "வேப்பம்பூ அவிச்சுக் குடி" கோஷ்டியும் இல்லை. கொஞ்ச நாளைக்கு, டொக்டர் சொன்ன அளவில், அது சிலரைக் காப்பாற்றியிருக்கிறது. நீண்ட நாள் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றைக்கே எறியவும் வேண்டாம். திடீரென்று நிப்பாட்டினால் சில குளிசைகளுக்கு வலிப்பே வரலாம். டொக்டரோடு கதைத்து மெல்ல மெல்லக் குறையுங்கள். மற்றவருக்கு எழுதின குளிசையைக் கைமாற்றாதீர்கள், சாராயத்தோடு சேர்க்காதீர்கள்.

ஆனால் நீடித்த நித்திரையின்மைக்கு முதலில் தர வேண்டியது குளிசை இல்லை என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இலேயே சொல்லிவிட்டது. முதலில் தர வேண்டியது நித்திரைக்கான நடத்தைச் சிகிச்சை. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புவது, நித்திரை வராட்டில் கட்டிலில் புரளாமல் எழும்பி இருப்பது, "இன்றைக்கும் வராதோ" என்ற பயத்தை ஒருவரோடு இருந்து கதைத்து அவிழ்ப்பது. நாங்கள் கேட்பது இதைத்தான்: இதைத் தமிழில் சொல்லித்தரக்கூடிய ஆட்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் வேணும். அங்கே போய் வருகிற பிள்ளைக்கு "விசர்" என்று பட்டம் கட்டாத சனமும் வேணும்.

அன்ரி, அடுத்த முறை எங்கட கண்ணைப் பார்த்தால் அலுமாரியைத் திறக்காதேங்கோ. "என்ன பிள்ளை யோசிக்கிறாய்?" எண்டு ஒருக்கா கேளுங்கோ. பதில் நீளமா இருக்கும். ரீ வேண்டாம், இரவு நித்திரை வராது.