ரஸ்துக்களைக் காத்தவர்களின் பங்கு



சில வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணிக்கொண்டிருந்தபோது, பை ஒன்றிலிருந்து நான்காக மடித்த தாள் விழுந்தது. பெயர் இல்லை, கையொப்பம் இல்லை. கணவர் தம்மாமில் வேலை செய்யும் ஒரு சகோதரியின் வீட்டில் இரவு பதினொன்றரை மணிக்கும் விளக்கு எரிகிறது என்றும், உள்ளே ஆண் குரல் கேட்கிறது என்றும், போதகர் இதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது சபைக்கு அவமானம் என்றும் அதில் எழுதியிருந்தது. அடியில் ஒரு வசனக் குறிப்பும் உண்டு. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் அதிகாரமும் வசனமும் குறிப்பிட மறப்பதில்லை.

அந்த ஆண் குரல் அவருடைய கணவரின் குரல். தம்மாமுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். வேலை முடிந்து வண்டியில் முகாமுக்குத் திரும்பி, வரிசையில் நின்று குளித்து, எதையோ சமைத்து உண்டு, அவர் கைபேசியை எடுக்கும்போது அங்கே ஒன்பது மணி, இங்கே பதினொன்றரை. அந்நேரத்தில் இந்தச் சகோதரியின் கைகளில் பிள்ளைகளின் சீருடையோ மறுநாளைக்கான மாவோ இருக்கும். ஆகையால் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுகிறார். இதை நான் எப்படி அறிவேன் என்று கேட்பீர்கள். அவருடைய மாமியார் மூச்சுத்திணறலால் துன்பப்பட்ட ஓர் இரவில் நானும் என் மனைவியும் அந்த வீட்டில் இருந்தோம். அழைப்பு வந்தது, நானும் பேசினேன். கடிதம் குறிப்பிடும் ஆண் குரல்களில் ஒன்று போதகருடையதாகவும் இருக்கலாம்.

இவர் நம் சேகரத்தாரா, அடுத்த சேகரத்தாரா என்று யாரும் ஆராய வேண்டாம். பெயர் சொல்லாமல் எழுதுங்கள் என்று அவரே அனுமதித்த பிறகுதான் எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட சகோதரி இல்லாத சபை ஒன்றைக் காட்டுங்கள்.

இந்த வாரம் ஆறுதலான தியானத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் மனம் அனலாயிருக்கிறது.

கடிதம் எழுதியவர் சொல்லப்போகும் நியாயம் எனக்குத் தெரியும். சபையின் சாட்சியைக் காக்க வேண்டாமா? இடறி விழுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான ஊழியத்தில் இரு பக்கத்திலும் விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு வந்த மொட்டைக் கடிதங்கள் அனைத்தும் மனைவியைப் பற்றியவை. வளைகுடாவில் இருக்கும் ஒரு கணவன் தன் விடுமுறை நாளை எங்கே, யாரோடு கழிக்கிறான் என்று கேட்டு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. உங்கள் வைராக்கியம் பரிசுத்தத்தைக் குறித்ததானால், அது ஏன் திருவனந்தபுரம் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது?

வேதத்தில் கணவன் தூரதேசத்தில் வேலையாயிருந்தபோது நடந்த மகா பாவம் ஒன்று உண்டு. உரியா ரப்பாவின் முற்றுகையில் இருந்தான். அவன் மனைவியைக் கண்டவன், ஆள் அனுப்பியவன், அழைத்துவரச் செய்தவன் எல்லாம் அரமனையில் இருந்த ராஜா. கர்த்தர் நாத்தானை அனுப்பியபோது அவன் யாருடைய வாசலில் போய் நின்றான்? பத்சேபாளின் வாசலில் அல்ல. தாவீதின் முகத்துக்கு நேராக நின்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, அந்த மனுஷன் நீயே என்று குற்றத்தை அவன்மேல் வைத்தான். நம்முடைய பிரசங்கங்களில் அந்த அதிகாரம் எப்படிப் போகிறது? அவள் குளித்த இடத்திலேயே அரைமணி நேரம் நின்றுவிடுகிறது. அவளைக் குற்றவாளியாக்க நாத்தானுக்குத் தோன்றாத காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன.

இனி, வேறொரு திசையிலிருந்து வரும் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் பணத்தாசையினால் போகிறார்கள், உள்ளதில் திருப்தியாயிருந்தால் குடும்பம் பிரியாது என்று சில ஊழியர்கள் பிரசங்கிக்கிறார்கள். வளைகுடாப் பணத்தில் வாங்கிய மின்விசிறியின் கீழ் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எட்டு சென்ட் நிலமும் ரப்பர் பால்வெட்டுக் கூலியுமாக மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்க முயன்றவனை நோக்கித் திருப்தியைப் போதிப்பது எளிது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற பொருளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் இவர்கள் போகிறார்கள். எலிமெலேக்கும் பெத்லகேமில் பஞ்சம் வந்தபோதுதான் மோவாபுக்குப் போனான். அவன் மனைவியையும் இரண்டு குமாரரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தது.

இவர்களால் முடியாது. மனைவியை உடன் அழைத்துச் செல்லக்கூடாதா என்று கேட்கிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்துக்கு விசா எடுக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும் என்று 2019இல் விதித்தார்கள். சவுதியில் 2017 ஜூலை முதல், உடனிருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. அது ஆண்டுதோறும் கூடி 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். எத்தனை தச்சர்களுக்கும் வெல்டர்களுக்கும் அதுவே முழுச் சம்பளம். அந்தக் கட்டணம் வந்தபின் குடும்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாங்கள் மட்டும் எட்டுப்பேர் அறைக்கு மாறியவர்களை நான் அறிவேன். ஆகவே பிரிவு இவர்கள் விரும்பித் தேடிக்கொண்டதல்ல.

இந்தப் பயணம் யாருடைய முதலீட்டில் நடக்கிறது என்பதையும் கேளுங்கள். ஆள்சேர்ப்பு ஏஜெண்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊரில் அந்தத் தொகைக்கு விசா வாங்கியவர் யாராவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். ஸ்தோத்திர ஆராதனை வைக்கலாம். மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியின் கழுத்திலிருந்து. கல்யாணத்துக்குப் பெற்றோர் போட்ட நகை அடகுக்கடைக்குப் போகிறது. முதல் ஒன்றரை ஆண்டுச் சம்பளம் அதை மீட்பதிலேயே கரைகிறது. ஆனால் பணம் வரத் தொடங்கியதும் யார் கணக்கில் வருகிறது? மாமனார் கணக்கில், அண்ணன் கணக்கில். அவள் பிள்ளைக்கு மருந்து வாங்கவும் கேட்டு வாங்க வேண்டும். மீதிச் சில்லறைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இது குடும்ப விவகாரம், போதகர் தலையிடலாமா என்கிறீர்கள். தலையிட்டே தீருவேன், ஏனெனில் இதற்குச் சட்டம் வேதத்தில் இருக்கிறது. முதலாம் சாமுவேல் முப்பதாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அமலேக்கியர் சிக்லாகைச் சுட்டெரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துப் போனார்கள். அறுநூறு பேரோடு துரத்திப் போன தாவீது, பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் களைத்துப்போனதால் அவர்களை ரஸ்துக்களண்டையில் நிறுத்திவிட்டு நானூறு பேரோடு போனான். ஜெயித்துத் திரும்பியபோது, போருக்குப் போனவர்களில் சில பொல்லாத மனுஷர், அவரவர் மனைவி பிள்ளைகளை மட்டும் கொடுத்து அவர்களை அனுப்பிவிடலாம், கொள்ளையில் பங்கு இல்லை என்றார்கள். தாவீது சம்மதிக்கவில்லை. போனவனுக்கு எவ்வளவோ, மூட்டைகளைக் காத்து நின்றவனுக்கும் அவ்வளவே என்று பங்கு வைத்தான். அந்நாள்முதல் அது இஸ்ரவேலில் கட்டளையாயிற்று.

இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? இங்கே வீட்டில் நிற்கிறவள் காக்கும் ரஸ்து என்ன? கணவனைப் பெற்றவர்களின் வயோதிகம், பிள்ளைகளின் படிப்பு, ரேஷன் கடை வரிசை, மின்கட்டணம், பாதியில் நிற்கும் வீட்டின் கொத்தனார், பதினான்கு வயது மகனின் கோபம். கொத்தனாரிடம் நின்று பேசினால் ஒரு பேச்சு, பேசாவிட்டால் சிமெண்ட் மூட்டை காணாமற்போகும். நல்ல புடவை உடுத்தினால் யாருக்காக என்கிறீர்கள். பழையதை உடுத்தினால் அவன் அனுப்பும் பணம் எங்கே என்கிறீர்கள். அவள் எதை உடுத்த வேண்டும் என்பதைச் சேகரக் கமிட்டியில் வைத்துத் தீர்மானித்துவிட்டீர்களானால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

தூரத்தில் இருந்து இதைப் படிக்கும் சகோதரர்களே, உங்களையும் விடுவதாயில்லை. உங்கள் வியர்வையை நான் மதிக்கிறேன். ஆனால் வீடியோ அழைப்பில் கைபேசியைத் திருப்பி அறை முழுவதும் காட்டச் சொல்கிறவர்கள் உங்களில் உண்டு. மூன்று நிமிடம் எடுக்கத் தாமதித்தால் தாயாரை அழைத்து விசாரிக்கிறவர்கள் உண்டு. வாரத்தில் ஒருநாள் மனைவி என்ன நினைக்கிறாள் என்று கேட்டதுண்டா, அல்லது கணக்கு மட்டும் கேட்டீர்களா? கணவன் மனைவி பிரிந்திருப்பதானால் இருவரும் மனம் ஒத்திருக்க வேண்டும், அதற்குக் கால அளவும் இருக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்குப் போதித்தார். இன்னும் இரண்டு வருஷம், இன்னும் இரண்டு வருஷம் என்று விசா புதுப்பிக்கப்படும்போது அவளுடைய சம்மதம் எந்தத் தாளில் இருக்கிறது?

அத்தோடு ஒரு சிறு காரியம். உங்கள் பாஸ்போர்ட் நகல், இக்காமா எண், கம்பெனியின் முழு முகவரி, காப்பீட்டுத் தாள் இவை மனைவியிடம் இருக்கின்றனவா? முன்பு நான் ஊழியம் செய்த ஓரிடத்தில், மாரடைப்பால் அங்கே மரித்துப்போன ஒருவரின் மனைவிக்குக் கணவன் வேலைசெய்த நிறுவனத்தின் பெயரே தெரியவில்லை. எல்லாத் தாள்களும் அவருடைய அண்ணனிடம் இருந்தன. சரீரத்தை அனுப்பக் குடும்பத்தாரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள், எதற்கென்று யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. இருபத்துமூன்று நாள் கழித்துப் பெட்டி வந்தது.

அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்கக்கூடாது. தினமும் மாலையில் போய் ஜெபித்தேன். அண்ணனிடம் தாள்களை வாங்கி அவள் கையில் கொடுங்கள் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அவர் கமிட்டி அங்கத்தினர். அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பெருந்தொகை கொடுத்தவர். வேறொரு சகோதரி, இரவில் கதவைத் தட்டும் உறவினன் ஒருவனைப் பற்றி என் மனைவியிடம் அழுது சொன்னபோது, பொறுமையாயிரு, ஜெபி, உன் கணவருக்குச் சொல்லிக் கலக்காதே என்று ஆலோசனை கொடுத்தவனும் நான்தான். நாத்தானின் பட்டயத்தை நான் உறையிலேயே வைத்திருந்தேன்.

திருமணங்களிலும் அப்படியே. மாப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து நாள்தான் விடுப்பு, ஓலையைச் சீக்கிரம் வாசித்துவிடுங்கள் ஐயா என்று வந்தால் வாசித்துவிடுவேன். புதிதாய் விவாகம் பண்ணினவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்று உபாகமம் இருபத்துநான்கில் இருப்பதை, இருபது நாளில் விமானம் ஏறப்போகும் மணமகனுக்கு முன் வாசிக்க எனக்கு வெட்கமாயிருந்தது. ஆகவே வாசிக்காமல் விட்டேன். இனி வாசிப்பேன். கேட்டபின் இருவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இன்னும் சில மாற்றங்கள் உண்டு. காணிக்கைப் பையில் விழும் பெயரில்லாத தாள்கள் வாசிக்கப்படாமல் அடுப்புக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்தோத்திரக் காணிக்கைகளை அறிவிக்கும்போது மனைவியின் பெயரை முதலில் வாசிப்பேன்; ரசீதிலும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பொருளாளர் சிரித்தார். கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லையாம். கையால் எழுதலாம் என்றேன்.

வீட்டு ஜெபக்கூட்டங்களை அடுத்த மாதம் முதல் இந்த வீடுகளில் வரிசையாக நடத்துகிறோம், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. சவுதியில் அப்போது நாலரை. அங்கே ஆலயம் கட்டவோ வெளியரங்கமாக ஆராதிக்கவோ இடமில்லை, ஆனால் அநேகருக்கு அது விடுமுறை நாள். அவரவர் கணவரும் கைபேசியில் நம்மோடு இருப்பார்கள். அமீரகத்தில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது. வேறு செயலியை வாலிபர் சங்கத்தார் அமைத்துத் தருவார்கள். எந்த வாரம் எந்த வீடு என்பது ஞாயிறு அறிவிப்பில் வரும். கடிதம் எழுதியவரும் தவறாமல் வரும்படி வேண்டுகிறேன். அந்த ஆண் குரல்களை அருகிலிருந்து கேட்கலாம்.