உல்கு விட்ட ஊரில் ஒரு நுழைவுச்சீட்டு

மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் காப்பில் நெடுங்காலமாக இருந்துவருபவை யூதர் செப்பேடுகள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது யோசேப்பு இரப்பான் என்னும் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு வீட்டுப்பேறுகளையும் வழங்கிய ஆவணம் அது. வட்டெழுத்தில் கிரந்த எழுத்து விரவ எழுதப்பட்டது. தமிழ் ஆய்வாளரும் மலையாள ஆய்வாளரும் தத்தம் மொழி வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வது. அதில் குறிக்கப்படும் உரிமைகளுள் ஒன்று, உல்கும் துலாக்கூலியும் செலுத்துவதிலிருந்து விலக்கு. உல்கு என்பது சுங்கம். துலாக்கூலி என்பது எடையிடுவதற்கான கட்டணம். இன்று அக்கூடத்தைக் காண வருவோர் வாயிலில் சிறு தொகை செலுத்திச் சீட்டுப் பெற்றே உள்ளே செல்கின்றனர்.

இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஊரில் எஞ்சியுள்ளோர் மிகச் சிலரே. கூடத்தைப் பேணப் பணம் வேண்டும். அருகிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனையிலும், போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்டு, இராமாயணச் சுவரோவியங்களால் புகழ்பெற்ற அந்த மாளிகையிலும், பல ஆண்டுகளாக ஐந்து ரூபாய்ச் சீட்டே வழக்கில் இருந்தது. ஒரு தேநீரின் விலைகூட ஆகாத தொகை. ஆகவே தொல்லிடங்களைக் காண்பதற்கு ஆகும் செலவு ஒரு சிக்கலே அன்று என்று கருதத் தோன்றும். அக்கருத்து தவறானது என்பதற்குக் காரணங்கள் உள.

முதலில் கட்டணத்தின் கணக்கு. இந்தியத் தொல்லியல் துறை 2018-இல் திருத்திய விகிதப்படி, மாமல்லபுரம் போன்ற உலக மரபுச் சின்னங்களுக்கு இந்தியர் 40 ரூபாய், வெளிநாட்டார் 600 ரூபாய் செலுத்த வேண்டும். பேக்கல் கோட்டை போன்ற பிற சின்னங்களுக்கு இத்தொகைகள் முறையே 25, 300. பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்குக் கட்டணமில்லை. சார்க், பிம்ஸ்டெக் நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர் கட்டணமே பொருந்தும்.

இரட்டைக் கட்டணம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. குவாத்தமாலாவின் தீக்கால் மாயர் நகரத்தில் உள்நாட்டார் 25 கெட்சால் செலுத்த, வெளிநாட்டார் 150 கெட்சால் செலுத்துகின்றனர். பெருவின் மாச்சு பிச்சுவிலும் இரு விலைகள் உள. இதற்குச் சொல்லப்படும் நியாயம் எளிது: உள்நாட்டார் வரி செலுத்துகின்றனர், சின்னத்தைப் பேணும் செலவில் ஒரு பங்கை முன்பே ஏற்றுவிட்டனர், வெளிநாட்டார் அதை வாயிலில் செலுத்தட்டும். மேலும், பொருள்வளம் மிக்க நாட்டிலிருந்து விமானத்தில் வருபவர்க்கு 600 ரூபாய் பெரிதன்று.

இந்த நியாயத்தில் பாதி உண்மை. மறுபாதியில், கடவுச்சீட்டு உரிமையின் அளவுகோலாகவும் செல்வத்தின் அளவுகோலாகவும் ஒருசேரக் கொள்ளப்படுகிறது. உண்மையில் அது இரண்டையும் அளப்பதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுடன் வரும் யாழ்ப்பாணத் தமிழர் மாமல்லபுரத்தில் 40 ரூபாய் செலுத்துகிறார். மலேசியக் கடவுச்சீட்டுடன் வரும் தோட்டத் தொழிலாளி மரபினர் 600 ரூபாய் செலுத்துகிறார். 1950-களில் கொச்சியிலிருந்து இசுரேலுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தின் பேத்தி ஒருத்தி, பாட்டியின் ஊரைக் கண்டுவிட்டு வடக்கே பேக்கல் கோட்டைக்குச் சென்றால் அவள் 300 ரூபாய் செலுத்தும் அயலாள். கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்போர்க்கு இந்தியர் கட்டணமே என்பது மெய்தான். ஆயின் அவ்வட்டைக்கு மூதாதையரின் பிறப்பிடத்தை மெய்ப்பிக்கும் ஆவணம் வேண்டும். ஆவணமின்றிக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே அதைக் காட்ட இயலாதோர். மரபு யாருடையது என்ற கேள்விக்கு வாயிலில் அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒரு பக்கப் புத்தகத்தைப் பார்த்து விடைகூற வேண்டிய நிலை இது.

இனிக் குடிமக்களின் நிலை. பள்ளுருத்தியில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்திக்கு மட்டாஞ்சேரி சில கிலோமீட்டர்த் தொலைவே. நகரப் பேருந்தில் சென்று மீளலாம். அவள் பல்லவர் காலக் கல்வெட்டெழுத்தைப் பயில விரும்பினால் கதை வேறு. எறணாகுளத்திலிருந்து சென்னைக்கு ஓர் இரவு இரயில் பயணம், அங்கிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்து, தங்குமிடம், உணவு, பகுதிநேர வேலை செய்பவளாயின் இழக்கும் இரண்டு மூன்று நாள் கூலி. இவற்றின் கூட்டுத்தொகையில் 40 ரூபாய்ச் சீட்டு ஒரு துளி. மாச்சு பிச்சுவுக்குச் செல்வோர் பலரும் இதையே கூறுவர்: நுழைவுச்சீட்டைவிட மலையடிவாரத்துக்குக் கொண்டுசெல்லும் இரயிலின் கட்டணமே கையைக் கடிப்பது.

ஆய்வுக்கு ஒருமுறை காண்பது போதாது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். சுற்றுலா வருபவர் ஒரு கல்வெட்டை ஒருமுறை பார்க்கிறார். பயில்பவர் அதே கல்வெட்டைக் காலை ஒளியிலும் மாலைச் சாய்வொளியிலும் பார்த்தாக வேண்டும். படித்துவிட்டுத் திரும்பி, ஐயம் தோன்றி, மீண்டும் வந்தாக வேண்டும். எழுத்தின் ஒரு கீற்று சிதைவா, புள்ளியா என்பதை நிழற்படம் எப்போதும் தீர்த்துவைப்பதில்லை. பதினைந்து வயதோடு நின்றுவிடும் கட்டண விலக்கு, தொல்லிடத்தைப் பள்ளிச் சிற்றுலாவின் இலக்காகக் கருதுகிறதே ஒழிய, உயர்கல்வியின் களமாகக் கருதவில்லை.

தொலைவு இன்னும் கடுமையாகும் இடங்களும் உள. வடக்குப் பறவூரை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகள் பழைய முசிறியைப் பற்றிய பேச்சுக்குப் புத்துயிர் அளித்தன. ஆனால் முசிறியோடு நடந்த வணிகத்துக்கு ஒரு கடன் ஒப்பந்தமாகவே சான்றுரைக்கும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாள் வியன்னாவில், ஆசுதிரிய தேசிய நூலகத்தில் உள்ளது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. மாயர்களின் ஓலைச்சுவடி போன்ற மடிப்பேடுகளுள் எஞ்சியவற்றில் மூன்று திரெசுதன், மாதிரிது, பாரிசு நகரங்களின் பெயரால் இன்று அறியப்படுகின்றன. தீக்காலின் கோபுரத்தை 25 கெட்சாலில் காணும் குவாத்தமாலா மாணவனும் பள்ளுருத்தி மாணவியும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இருவர்க்கும் இடிபாடு மலிவு. அதை விளக்கும் எழுத்து, விசாவுக்கும் விமானத்துக்கும் அப்பால்.

கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் பெருகிச் சின்னங்கள் சிதையும் என்பது வலுவான எதிர்வாதம். சிதைவு உண்மையே. எனினும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது எண்ணிக்கை வரம்பின் வேலை. மாச்சு பிச்சுவில் நாள்தோறும் இத்தனை பேர் என்ற வரம்பு தனியே உண்டு. விலையை உயர்த்துவது கூட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் யார் விலகுவர் என்பதைப் பணப்பையிடம் விட்டுவிடுகிறது. கல்லை மிதித்துத் தேய்ப்பதில் ஏழையின் காலுக்கும் செல்வரின் காலுக்கும் வேறுபாடில்லை.

பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும். ஆனால் தொல்லியல் துறையின் நுழைவு வருவாய் இந்திய அரசின் தொகுநிதிக்குச் செல்கிறது; மாமல்லபுரத்தில் செலுத்தும் 600 ரூபாய் மாமல்லபுரத்துக்கே திரும்பும் என்ற உறுதி எதுவுமில்லை. அவ்வாறாயின், சின்னத்தைக் காப்பதற்கே கட்டணம் என்னும் நியாயம் வாயிற்பலகையோடு நின்றுவிடுகிறது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. மெக்சிகோவில் அரசின் தொல்லிடங்கள் ஞாயிறுதோறும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கு வாழும் அயல்நாட்டார்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. அடையாள அட்டை காட்டும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் விலக்கு உண்டு. அங்கே அளவுகோல் கடவுச்சீட்டின் நிறமன்று, வாழ்விடமும் கல்வியுமே. இந்தியாவில் ஏப்ரல் 18 போன்ற சில நாள்களில் மட்டும் வழங்கப்படும் இலவச நுழைவை, அந்தந்த மாவட்டத்தார்க்கு வாரத்தில் ஒரு நாளாக விரிக்கலாம். பதினைந்து வயதைக் கடந்த மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் எல்லாச் சின்னங்களுக்கும் செல்லத்தக்க ஆண்டு அட்டை வழங்கலாம். ஒவ்வொரு சின்னத்தின் வருவாயில் எவ்வளவு அதன் பராமரிப்புக்குச் சென்றது என்பதை வாயிலிலேயே எழுதிவைக்கலாம். பல்கலைக்கழகங்கள் களப்பயணத்தைப் பாடத்திட்டத்தில் எழுதுவதோடு நில்லாமல், பயணச்செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதலாம். இவற்றுள் கடைசி ஒன்றுக்குத் தில்லியின் ஆணை வேண்டியதில்லை. துறைக்கூட்டத்தின் தீர்மானம் போதும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முயிரிக்கோட்டில் இருந்த அரசுக்கும் பணம் வேண்டியிருந்தது. உல்கு அதன் முதன்மை வருவாய்களுள் ஒன்று. அதை யாரிடம் வாங்குவது, யாருக்கு விடுவது என்று எண்ணிப்பார்த்து, விட்டதைச் செம்பில் எழுதிக் கையில் கொடுத்தது. கொடுக்கப்பட்டவர் கடல்வழி வந்த மரபினர். பிறந்த மண் எது என்ற வினா அங்கே தடையாகவில்லை. அந்த ஏட்டை மொழியியல் வகுப்பில் சொற்பிரித்துப் படிக்கும் மாணவர், ஒருமுறையேனும் அது இருக்கும் ஊருக்குச் செல்ல முடிவதே ஒரு தொல்லியல் கொள்கைக்கு உரிய குறைந்த அளவுத் தேர்வு.