கிளாஸ்ல எல்லாருக்கும் 48:16 எப்படி வந்துச்சு?

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஒரு பையில சிவப்பு மணியும் வெள்ளை மணியும் சரிபாதி. இன்னொரு பையிலயும் அதே மாதிரி. பார்க்காம ரெண்டு பையில இருந்தும் ஒவ்வொரு மணி எடுக்கணும். ஒண்ணாவது சிவப்பா இருந்தா டாமினன்ட், ரெண்டும் வெள்ளைன்னா ரிசசிவ். குறிச்சுட்டு மணியைத் திரும்பப் பையில போட்டுடணும். இப்படி 64 தடவை. மெண்டல் சொன்ன 3:1 விகிதத்தைக் காட்ட ஜெனடிக்ஸ் லேப்ல செய்யுற ரொம்ப எளிமையான எக்ஸ்பெரிமென்ட் இதுதான். பிளஸ் டூ-ல பயாலஜி எடுத்தவங்க அங்கேயே இதைப் பார்த்திருக்கலாம்.

கணக்குப்படி வரவேண்டியது 48:16. சரி, அச்சு அசலா 48:16 வர்றதுக்கு வாய்ப்பு எவ்வளவு? நூத்துக்கு 11, 12 தான். பைனாமியல் ஃபார்முலாவுல நீங்களே போட்டுப் பாருங்க. அதாவது 60 பேர் இருக்குற கிளாஸ்ல ஏறக்குறைய 7 பேருக்குத்தான் 48:16 வரணும். மத்தவங்களுக்கு 45:19, 50:14, 43:21-னு கொஞ்சம் முன்ன பின்ன வரணும். பத்துல எட்டுப் பேருக்கு டாமினன்ட் எண்ணிக்கை 44-க்கும் 52-க்கும் நடுவுல நிக்கும், மீதிப் பேருக்கு அதையும் தாண்டும். இயற்கை அப்படித்தான்.

இப்போ பயோடெக் ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா அவங்க கிளாஸ் ரெக்கார்டு நோட்டுகளை வரிசையா புரட்டிப் பாருங்க. எத்தனை பேருக்கு 48:16 இருக்கு? எல்லாருக்கும் இருந்தா, அந்த கிளாஸ்ல பாதிப் பேராவது மணியை எண்ணலைன்னு அர்த்தம். இதைச் சொல்ல துப்பறியும் நிபுணர் வேண்டாம், ப்ராபபிலிட்டி போதும்.

பசங்க மேல பழி போட இதை எழுதல. பசங்க ஏன் அப்படிப் பண்றாங்கன்னு கேட்கத்தான் எழுதுறேன். மார்க் எங்க கிடைக்குதோ அங்கதான் பசங்க போவாங்க. எதுக்கு மார்க்னு தீர்மானிக்கிற விதிதான் இங்க விஷயம்.

நாம படிக்கிறது அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன். தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. முந்தின 2017 ரெகுலேஷன்ல இது 20-க்கு 80-ஆ இருந்துச்சு. லேப் கோர்ஸ்ல தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. அந்த லேப் இன்டர்னல்ல முக்கால் பங்கு அப்சர்வேஷனுக்கும் ரெக்கார்டுக்கும், கால் பங்கு டெஸ்டுக்கு. கூட்டிப் பார்த்தா, 100 மார்க் லேப்ல 45 மார்க் நாம எழுதி வைக்கிற ரெண்டு நோட்டுல இருக்கு.

45 மார்க்! வைவாவுல வாயைத் திறக்காதவனைக்கூட இது கரை சேர்த்துடும். ஆனா அந்த 45 எதுக்கு? சரியா எண்ணினதுக்கா, விகிதம் கரெக்டா வந்ததுக்கா, மார்ஜின் போட்டு அழகா எழுதினதுக்கா, டைமுக்குக் கொண்டு வந்து வச்சதுக்கா? உங்க பக்கத்துல இருக்குறவங்களைக் கேட்டுப் பாருங்க. 75 சதவீத அட்டென்டன்ஸ் விதி எல்லாருக்கும் மனப்பாடம். இன்னும் எத்தனை கிளாஸ் கட் அடிக்கலாம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். 45 மார்க்கை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

தெரியாத இடத்துல பசங்க என்ன பண்ணுவாங்க? சீனியர் நோட்டைத் தேடுவாங்க. அதுல 48:16 இருக்கும், பக்கத்துல சிவப்பு மையில ஒரு டிக்கும் இருக்கும். போன வருஷம் டிக் வாங்கினது இந்த வருஷமும் வாங்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனைப் பத்திச் சொல்றேன். எந்த காலேஜ், எந்த லேப்ங்கிறது வேண்டாம். அவன் உட்கார்ந்து 64 தடவையும் எடுத்தான். வந்தது 43:21. "ரேஷியோ வரல, திரும்பப் பண்ணு"ன்னு சொன்னாங்க. நேரம் முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போய் கை-ஸ்கொயர் போட்டுப் பார்த்தான். 2.08 வந்துச்சு. இந்த டெஸ்டுல எல்லைக்கோடு 3.84. அதுக்குக் கீழ இருந்தா, இந்த வித்தியாசம் தற்செயலா வரக்கூடியதுதான், 3:1-ஐ மறுக்கக் காரணமில்லைன்னு அர்த்தம். ஆக, 43:21 தப்பான ரீடிங்கே இல்ல. அதையெல்லாம் தெளிவா எழுதி வச்சான். பத்துக்கு ஆறு போட்டாங்க. மணியைத் தொடாமலே 48:16 எழுதினவனுக்கு ஒன்பது. ரெக்கார்டைத் திரும்ப வாங்கிட்டு வந்து அவன் என்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: "மக்கா, இனி எண்ணவே மாட்டேன்."

அந்த மூணு மார்க் போனா போகட்டும். அந்த வாக்கியம்தான் எனக்குப் பயமா இருக்கு. எண்ணிப் பார்க்குறவனை எண்ணாம இருக்கச் சொல்லிக் குடுத்திருக்கோம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நாம யார் பேரைச் சொல்லி 48:16 எழுதுறோமோ, அந்த மெண்டலே இந்த லேப்ல ஃபுல் மார்க் வாங்கியிருக்க மாட்டார். 1866-ல வந்த அவரோட கட்டுரையில உருண்டை விதை 5,474, சுருங்கின விதை 1,850-னு இருக்கு. விகிதம் 2.96:1. கரெக்டா 3 இல்ல. அதைவிட முக்கியம், தனித்தனிச் செடிக்கு வந்த எண்ணிக்கையையும் அவர் மறைக்கல. ஒரு செடியில 43 உருண்டை, 2 சுருங்கினது. இன்னொண்ணுல 14 உருண்டை, 15 சுருங்கினது. 3:1-ஐக் கண்டுபிடிச்ச மனுஷன் 14:15-ஐயும் அச்சுல போட்டிருக்கார். அதை நாம ரெக்கார்டுல எழுதிக் கொண்டு போனா என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கதையோட மறுபாதியும் உண்டு. 1936-ல புள்ளியியல் அறிஞர் ஆர்.ஏ. ஃபிஷர், மெண்டலோட எண்களை மொத்தமா எடுத்து அலசினார். தனித்தனியாப் பார்த்தா நல்லா இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா தியரிக்கு அளவுக்கு மீறிப் பொருந்துதுன்னு சொன்னார். எதிர்பார்த்த விடை என்னன்னு தெரிஞ்ச உதவியாளர் யாராவது எண்களைச் சரிக்கட்டியிருக்கலாம்னும் ஊகிச்சார். அந்த வாதம் அதுக்கப்புறம் பல வருஷம் ஓடுச்சு, ஃபிஷர் சொன்னதை மறுத்து எழுதினவங்களும் உண்டு. நமக்கு வேண்டியது ஒண்ணுதான்: விஞ்ஞானத்துல ஒரு ரீடிங் ரொம்பச் சரியா இருந்தா சந்தேகப்படுவாங்க. நம்ம லேப்ல ரொம்பச் சரியா இருந்தாத்தான் மார்க் போடுவாங்க.

'சரி, ஒரு ரெக்கார்டு நோட்டுக்கு இவ்வளவு பேச்சா'ன்னு நீங்க கேட்கலாம். நான் பூதப்பாண்டிக்காரன். எங்க பக்கம் கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் நெல்லு. நாகர்கோவில் பக்கத்துல திருப்பதிசாரத்துல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.பி.எஸ். 1-ல இருந்து டி.பி.எஸ். 5 வரைக்கும் நெல் ரகங்கள் அங்க இருந்து வந்தது. டி.பி.எஸ்.ங்கிறது திருப்பதிசாரம்தான். ரெண்டு ரகத்தை ஒட்டுச் சேர்த்து, அடுத்தடுத்த தலைமுறையில பிரிஞ்சு வர்ற செடிகளை வருஷக்கணக்கா எண்ணி, அளந்து, கழிச்சுத்தான் ஒரு ரகம் வயலுக்கு வரும். நடுவுல யாராவது ஒருத்தர் 'இந்தப் பாத்தியில விகிதம் சரியா வரல, வர்ற மாதிரி எழுதிடுவோம்'னு நினைச்சா அதோட விலையைக் கொடுக்கப் போறது யாரு? தோவாளை தாலுகாவுல கடன் வாங்கி விதைக்கிறவர்தான். இன்னைக்கு ஜெனடிக்ஸ் லேப்ல உட்கார்ந்திருக்குறவங்கதான் நாளைக்கு அந்தப் பாத்தியில நிப்பாங்க. இல்லைன்னா ஆஸ்பத்திரி லேப்ல ஜீன் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுவாங்க.

ரிலேட்டிவ் கிரேடிங் இதை இன்னும் மோசமாக்குது. தியரி பேப்பர்ல ஆளெண்ணிக்கை 30-க்கு மேல இருந்தா, 91-க்கு மேல 'ஓ' கிரேடுங்கிற நிலையான கணக்கு கிடையாது. மத்தவங்க மார்க் எப்படிப் பரவியிருக்குங்கிறதைப் பொறுத்துத்தான் உங்க கிரேடு. அந்த முறையே தப்புன்னு நான் சொல்லல. கேள்வித்தாள் கஷ்டமா வந்த வருஷம் அது நம்மளைக் காப்பாத்தவும் செய்யும். ஆனா தியரி இன்டர்னல்லயும் ரெண்டு அசெஸ்மென்ட்லயும் நூத்துக்கு 40 அசைன்மென்ட், செமினார் மாதிரி விஷயங்களுக்குத்தான். அங்கேயும் எதுக்கு மார்க்னு சொல்லாம, காப்பி அடிச்ச அசைன்மென்டுக்கு முழு மார்க் போட்டா, சொந்தமா யோசிச்சு எழுதினவன் கிரேடு தானாவே இறங்கும். அடுத்தவனோட பொய் என் கிரேடைக் குறைக்குதுன்னா, அது அவன் சொந்த விஷயம்னு எப்படி விடுறது? கம்பெனிங்க கேட்குற சி.ஜி.பி.ஏ. கட்-ஆஃபுக்கு ஒரு புள்ளி குறைஞ்சாலும் இன்டர்வியூ ரூமுக்குள்ளேயே போக முடியாதே.

குறை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது. எனக்குத் தோணுறது நாலு விஷயம்.

ஒண்ணு, ஜெனடிக்ஸ் லேப்ல எண்ணின ரீடிங்கை அன்னைக்கே, அந்த டேபிள்லயே, பேனாவுல எழுதி கையெழுத்து வாங்கணும். அடிச்சுத் திருத்தி இருந்தாலும் பரவாயில்ல. பத்துல மூணு மார்க் அதுக்கு.

ரெண்டு, விகிதம் சரியா வந்ததுக்குன்னு ஒரு மார்க்கும் கூடாது. கை-ஸ்கொயர் போட்டு, வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு விளக்குறதுக்கு அஞ்சு மார்க். 43:21 வந்தவன் 'தற்செயல்தான்'னு காரணத்தோட எழுதினா முழு மார்க். 40:24 வந்தவனுக்கு கை-ஸ்கொயர் 5.33, அதாவது எல்லைக்கு மேல. அவன் 'பையில மணி சரிபாதியா இருந்துச்சான்னு சந்தேகம், மறுபடி எண்ணணும்'னு எழுதினா அவனுக்கும் முழு மார்க். மீதி ரெண்டு மார்க் நேரத்துக்கும் சுத்தத்துக்கும் போகட்டும்.

மூணு, 60 பேர் ரீடிங்கையும் போர்டுல கூட்டணும். 3,840 தடவை எடுத்த கணக்கு ஆகும். எதிர்பார்க்குறது 2,880:960. தனித்தனியா முன்ன பின்ன போன எண்ணெல்லாம் சேர்ந்து 3:1 பக்கத்துல வந்து நிக்கிறதைக் கண்ணால பார்ப்போம். மெண்டல் ஏன் ஆயிரக்கணக்குல விதையை எண்ணினார்னு அன்னைக்குப் புரியும். எல்லாரும் 48:16 எழுதினா இது புரியவே புரியாது.

நாலு, திருத்தின பேப்பரையும் ரெக்கார்டையும் எங்க எவ்வளவு போச்சுன்னு குறிச்சுத் திருப்பிக் குடுக்கணும். கேள்வி கேட்க ஒரு வாரம் டைம். வெளிநாட்டுல நிறையப் பல்கலைக்கழகங்கள்ல முதல் நாள் குடுக்குற கோர்ஸ் தாள்லயே இதெல்லாம் அச்சாகி இருக்கும்: எதுக்கு எவ்வளவு, லேட்டா குடுத்தா எவ்வளவு குறையும், மார்க்ல சந்தேகம்னா எத்தனை நாளுக்குள்ள கேட்கணும்.

ஆசிரியர்கள் பக்கத்தையும் பார்க்கணும். ஒரு ஆளு 60 நோட்டைத் திருத்தணும், அதுவும் ரெண்டு மூணு கிளாஸுக்கு. அறுபதும் ஒரே மாதிரி இருந்தா சீக்கிரம் முடியும். வித்தியாசமா இருந்தா ஒவ்வொண்ணையும் படிக்கணும். அது நிஜமான சுமைதான். அதுக்கு, செமஸ்டருக்குப் பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட் இருக்குற இடத்துல எட்டா குறைச்சு, எட்டையும் ஒழுங்கா பண்ணலாம். 'இஷ்டத்துக்கு விட்டா சோம்பேறிப் பசங்க வாயில வந்த நம்பரை எழுதிடுவாங்க'ன்னும் சொல்வாங்க. இப்பவும் அதுதானே நடக்குது? அன்னைக்கே கையெழுத்து வாங்கினா அது குறையத்தான் செய்யும்.

இதையெல்லாம் கேட்க புது விதி ஒண்ணும் வேண்டாம். நம்ம ரெகுலேஷன்லயே கிளாஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு. அதுல மாணவர் பிரதிநிதிகளும் இருப்பாங்க. ஒவ்வொரு அசெஸ்மென்டுக்கும் எவ்வளவு வெயிட்டேஜ்னு அங்க சொல்லணும். லேப் கோர்ஸா இருந்தா ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டுக்கும் மார்க்கை எப்படிப் பிரிக்கிறாங்கன்னு அந்தக் கூட்டத்துல பேசி, மாணவர்களுக்குத் தெரிவிக்கணும்னே எழுதியிருக்கு. நம்மள்ல பல பேருக்கு கிளாஸ் கமிட்டின்னா, ரெப் போய் டீ பிஸ்கட் சாப்பிட்டுட்டு 'ஃபேன் ஓடல'ன்னு சொல்லிட்டு வர்ற மீட்டிங்.

நான் இன்னும் கொஞ்ச மாசத்துல கிளம்பிடுவேன். இரண்டாம் வருஷம், மூணாம் வருஷம் படிக்கிற நீங்கதான் அடுத்த கமிட்டியில உட்காரப் போறீங்க. ஃபேனைப் பத்தியும் பேசுங்க, தப்பில்ல. கூடவே இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, மினிட்ஸ்ல எழுத வையுங்க: "லேப்ல அந்த 45 மார்க் எதுக்கு எதுக்குன்னு பிரிச்சு எழுதிக் குடுப்பீங்களா?" பதில் தாள்ல வந்துச்சுன்னா நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. எண்ணுறவன் தைரியமா எண்ணட்டும்.